ஆடி வெள்ளிக்கு ஒரு மஞ்சள் பெட்டி

கூட்டம் என்று கூடிய இடத்தில் நான் முதன்முதலாக வாய் திறந்தபோது எனக்கு எழுபத்தோரு வயது. ஐந்தே வார்த்தைதான் பேசினேன். பேசி முடித்ததும் இரண்டு காதும் சூடாகிவிட்டன.

பினாங்கில் எங்கள் பிளாட்டை ஒட்டி ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் பன்னிரண்டு பேர் அங்கே உட்கார்ந்து பாடுவோம். பாடுவோம் என்று சொன்னாலும் நான் தாளம் தட்டுகிறவள். உதடு மட்டும் அசையும். பாட்டை எடுத்துக் கொடுப்பது எங்கள் மாடியில் இருக்கும் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவர், குரல் மட்டும் முப்பது வயது இளையது.

அந்தக் குரலே யாருக்கும் கேட்காமல் போய்விட்டது. கோயிலுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் உறுமி மேளக் குழுவும் அதே நேரத்தில் பழக ஆரம்பித்தது. கோயிலில் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர். அதையும் கோயில் செயலாளர் அவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். உறுமி அடித்தால் நாலு மாடிக்குக் கேட்கும். அதற்கு மேல் ஒரு ஸ்பீக்கரும் இருந்தால் நாங்கள் பாடுவது எங்களுக்கே கேட்காது.

ஆடி மாதம் பிறக்க மூன்று வாரம் இருந்தபோது கோயில் கூட்டம் நடந்தது. அக்கா எழுந்து கேட்டார்.

"தம்பி, ஆடி வெள்ளிக்காச்சும் அந்த ஸ்பீக்கரை எங்களுக்குக் கொடுங்க."

செயலாளருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பேர் சிரித்தால் அவருக்கு நாக்கு நீளும்.

"அக்கா, உறுமி பாடறவருக்கு மைக் இல்லாம முடியாதுலா. நீங்க அம்மனுக்குத்தானே பாடறீங்க? அம்மனுக்கு நல்ல காது. மெதுவாப் பாடினாலே கேக்கும்."

பின்வரிசையில் ஆண்கள் சிரித்தார்கள். அவர் இன்னும் ஒன்று சொன்னார். "சத்தம் பத்தலைன்னா செவ்வாய்க்கிழமைக்கு மாறிக்குங்க. அன்னிக்கு யாரும் இல்ல. வெள்ளியை உறுமிக்கே விட்டுடுவோம்."

அக்கா வெள்ளிக்கிழமையைப் பதினாறு வருஷமாகப் பிடித்து வைத்திருந்தார். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

"ஸ்பீக்கர் பெட்டி நானே செஞ்சு கொண்டாரேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு செயலாளர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"யாரு இது? தாளம் தட்டுற ஆன்ட்டியா? ஆன்ட்டி, ஸ்பீக்கர் பெட்டி, கேக் பெட்டி இல்ல!"

மறுபடியும் சிரிப்பு. நான் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அக்கா உட்காரவில்லை.

"மினிட்ல எழுதுங்க தம்பி. முதல் ஆடி வெள்ளிக்குப் பெட்டி வரும். வந்தா வெள்ளிக்கிழமை எங்களுக்கு. வரலைன்னா நாங்க செவ்வாய்க்கிழமைக்குப் போறோம்."

"எழுதிட்டாப் போச்சு" என்று சொல்லி அவர் கூட்டக் குறிப்பு நோட்டில் எழுதியே விட்டார். எழுதும்போது வாய்விட்டுப் படித்தார்: "தாளம் தட்டும் ஆன்ட்டி சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்து தருவார்." என் பெயரை அவர் கேட்கவில்லை.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய சரோங் கைலியில் சுற்றி இரண்டு ஸ்பீக்கர் இருந்தன. பெட்டி இல்லாத வெறும் ஸ்பீக்கர். பின்னால் கனமான காந்தம், முன்னால் கறுப்புக் காகிதக் கூம்பு. எட்டு அங்குலம். கூம்பின் ஓரத்தில் துணி வைத்த ரகம் என்பதால் பிழைத்தன. பஞ்சு ரப்பர் வைத்ததாக இருந்தால் பினாங்கின் ஈரக்காற்றில் எப்போதோ பொடியாகி உதிர்ந்திருக்கும்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். புக்கிட் தெங்காவில் ஒரு ஸ்பீக்கர் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். பஸ் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு கடல் பாலத்தைத் தாண்டிப் போகும். என் வேலை ஒன்றே ஒன்று. ஸ்பீக்கரின் பின்பக்கம் வயர் பிடிக்க இரண்டு பித்தளைக் காது இருக்கும். ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்காரக் காக், எனக்கு அக்கா மாதிரி, ஒரு சின்ன பேட்டரியை அந்தக் காதுகளில் தொட்டுப் பார்ப்பார். கூம்பு முன்பக்கம் தள்ளினால் பேட்டரியின் பிளஸ் முனை எந்தக் காதில் இருக்கிறதோ அதுதான் பிளஸ். அந்தக் காது எனக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி வைத்துத் தள்ளிவிடுவார். நான் மெல்லிய பிரஷ்ஷால் அதன் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமும் புள்ளிதான் வைத்தேன்.

ஒருநாள் சூப்பர்வைசர் ஒரு ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசை நெடுக நடந்து வந்தார். நம்ம ஆள்தான். என் முன்னால் நின்றார்.

"இது யாரு வச்ச புள்ளி? தப்புப் பக்கம் வச்சிருக்கு. ரிஜெக்ட்டு. ஒரு புள்ளி வைக்கத் தெரியல, உனக்கு வேற என்னதான் தெரியும்? வீட்டுக்குக் கொண்டு போ. வாசல்ல புள்ளிக் கோலம் போட்டுப் பழகிட்டு வா."

அதை என் மடியில் போட்டுவிட்டுப் போனார். அறுபது பேர் பார்த்தார்கள். நான் அடுத்த ஸ்பீக்கருக்குப் புள்ளி வைத்தேன். ஆனால் மனதுக்குள் சாதித்தேன்: நான் வைத்தது சரியான பக்கம்தான், அவர்தான் தப்பாகப் பார்த்தார். தொழிற்சாலையை மூடிய நாளில் ஆளுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் கொடுத்தார்கள். அதையும் இதையும் ஒரே சரோங்கில் சுற்றி வைத்தேன். ரிஜெக்ட் சீட்டு ஈரத்தில் எப்போதோ உதிர்ந்துவிட்டது. எது நல்லது, எது ரிஜெக்ட் என்று பார்த்தால் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை என்று நினைத்தேன். என் கணக்கில் இரண்டுமே நல்லது.

எங்கள் மாடி அக்காவிடம் பழைய கராவோக்கே செட் ஒன்று இருந்தது. அதன் ஸ்பீக்கர்களை எலி தின்றுவிட்டது. ஆம்ப்ளிஃபையர் மட்டும் வேலை செய்தது. ஆக, வேண்டியது பெட்டி.

பஸ் பிடித்து டவுனுக்குப் போனேன். நான் எப்போதும் ஆணியும் கொக்கியும் வாங்குகிற கடைக்காரர் ஒரு தமிழ் முஸ்லிம். ஒரு தாளில் படம் வரைந்து கொண்டு போயிருந்தேன். உயரம் இரண்டரை அடி, அகலம் ஓரடி, ஆழம் ஓரடி. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னக்கா இது, புறாக் கூண்டா?"

"ஸ்பீக்கர் பெட்டிண்ணே."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். "முக்கால் அங்குலப் பிளைவுட்டாப் போடுங்க. மெல்லிசாப் போட்டா பெட்டியே சேர்ந்து ஆடும். பலகைத் தடிமனையும் கணக்குல சேர்த்து அளவு போட்டீங்களா?"

அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவர் மிஷினில் ஆறு பலகை அறுத்து, ராஃபியா கயிற்றால் கட்டிக் கொடுத்தார்.

"பெயிண்ட்டு? கறுப்புத்தானே?"

"மஞ்சள்."

"ஸ்பீக்கர் பெட்டின்னா கறுப்புதான்கா. மஞ்சள் இங்க கேட்டுக்கு அடிக்கிறதுதான் இருக்கு. பழைய ஃபெர்ரிக் கப்பல் கலரு."

"அதையே கொடுங்க. பத்தொன்பது வருஷம் கறுப்பைப் பார்த்தாச்சு."

பலகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டில் மகன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பத்து காவான் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. கட்டைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. செயலாளரும் அவனும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"மா, அவன் எனக்கு மெசேஜ் போட்டுச் சிரிக்கிறான்மா. உனக்கு எதுக்கு இதெல்லாம்? புளூடூத் ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கித் தரேன், தூக்கிட்டுப் போய் வச்சுடு."

"செஞ்சு கொண்டாரேன்னுதான் சொன்னேன். வாங்கிட்டு வரேன்னு சொல்லல."

"ஏதோ வாயில வந்துடுச்சு. விட்டுடுலா."

"வாயில வந்தது இது ஒண்ணுதான். இதையும் விடணுமா?"

அவன் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனான். அவனுடைய டிரில் மிஷினை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனான். அது போதும் எனக்கு.

முன்பலகையில் இரண்டு வட்டம் வெட்ட வேண்டும். ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு அடுப்படியில் மூடி மூடியாக வைத்துப் பார்த்தேன். இட்லிச் சட்டி மூடி பெரிது. நெய் டின் மூடி சிறிது. கடைசியில் பிஸ்கட் டின் மூடி சரியாக வந்தது. அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேல் நெருக்கி நெருக்கி ஓட்டை போட்டேன். டிரில் கையைக் குலுக்கிய குலுக்கலில் அன்று மத்தியானம் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துத்தான் சோறு சாப்பிட்டேன். ஓட்டைகளுக்கு நடுவே சின்ன ரம்பத்தை விட்டு அறுத்தேன். வட்டம் வட்டமாக வரவில்லை, கடித்த அப்பளம் மாதிரி வந்தது. உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தேன். ஒரு வட்டத்துக்கு ஒரு நாள் ஆனது.

பசை போட்டு ஸ்க்ரூ முடுக்கும்போதுதான் கடைக்காரர் கேட்டது புரிந்தது. மேல்பலகை குட்டை. பலகையின் தடிமனை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பக்கத்தில் முக்கால் அங்குலம் சந்து. மூலையில் கிடந்த அம்மியைத் தூக்கி எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. பிறகு மிச்சமிருந்த கட்டையில் ஒரு துண்டு நறுக்கி, பசையில் முக்கி அந்தச் சந்தில் அடித்து இறக்கினேன். பெயிண்ட்டுக்கு மேல் இப்போதும் அந்தக் கோடு தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

உள்ளே ஒரு பழைய தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சை அடைத்தேன். அப்படி அடைப்பதைத் தொழிற்சாலையில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெட்டியைக் காரிடாரில் செய்தித்தாள் விரித்து நிறுத்தி மஞ்சள் அடித்தேன். மூன்று பூச்சு. அந்த வாரம் சாயங்காலமெல்லாம் மழை. காயவே இல்லை. மகன் வேலை முடிந்து வந்தவன் செருப்பைக் கழற்றும்போது அதன் மேல் சாய்ந்துவிட்டான். யூனிஃபார்ம் தோளில் மஞ்சள் அப்பிக்கொண்டது.

"மா!"

"ஏன்டா சாய்ஞ்ச? இப்ப நான் இன்னொரு பூச்சு அடிக்கணும்."

நாலாவது பூச்சு அடித்தேன்.

புதன்கிழமை பெயிண்ட் காய்ந்தது. இரண்டு ஸ்பீக்கரையும் முன்பக்கமாக வைத்து முடுக்கினேன். வயர் சால்டர் பண்ணும்போது பேட்டரி வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் தள்ளிவிட்டேன். என் புள்ளிதானே இருக்கிறது, பேட்டரி எதற்கு? இரண்டு புள்ளியையும் சேர்த்து சிவப்பு வயர், மற்ற இரண்டையும் சேர்த்துக் கறுப்பு வயர். அக்கா ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மைக்கைப் பிடித்து முதல் அடியைப் பாடினார்.

தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அடிச்சத்தமே இல்லை. அக்காவின் குரலில் உள்ள கனமெல்லாம் எங்கேயோ போய், மேலே ஒரு கீச்சு மட்டும் மிதந்தது. சத்தத்தைக் கூட்டினால் கீச்சுதான் கூடியது.

அக்கா மைக்கைக் கீழே வைத்தார். "பரவால்லடி. செவ்வாய்க்கிழமையும் அம்மனுக்கு உகந்ததுதான்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அறைக்குள் இருந்து மகன், "நான் சொன்னேன்ல" என்றான். அவன் அதை மெதுவாகச் சொன்னதுதான் இன்னும் சுட்டது.

வியாழக்கிழமை காலையில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதன் பேட்டரியை எடுத்தேன். ஸ்பீக்கர்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வயரைப் பிரித்தேன். முதல் ஸ்பீக்கரில் புள்ளிப் பக்கம் பிளஸ்ஸை வைத்துத் தொட்டேன். டப்பென்று கூம்பு முன்னால் தள்ளியது. சரி. இரண்டாவதில் தொட்டேன். டப். கூம்பு உள்ளே போனது.

பேட்டரியை அதே மாதிரி வைத்து ஐந்து தடவை தொட்டுப் பார்த்தேன். ஐந்து தடவையும் உள்ளேதான் போனது.

சூப்பர்வைசர் சொன்னது சரி. புள்ளியை நான் தப்பான பக்கம்தான் வைத்திருக்கிறேன். ஒன்று முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்தால் ஒரே பெட்டிக்குள் சத்தம் எப்படி நிற்கும்? இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். இத்தனை வருஷம் என் மனதுக்குள் அந்த மனிதரோடு போட்ட சண்டையில் நான்தான் தோற்றிருக்கிறேன். தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் அழுதிருக்கவும் கூடும். ஆனால் ஒன்று. புள்ளிதான் தப்பு. ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை. ஒரு சொட்டுப் பெயிண்ட் இடம் மாறியதற்கு அதை ரிஜெக்ட் என்றார்கள், எனக்கு வேறு ஒன்றும் தெரியாது என்றார்கள். அது அன்றைக்கும் பொய், இன்றைக்கும் பொய்.

சிவப்பு நகப் பாலிஷ் கொஞ்சம் அக்காவிடம் வாங்கி, சரியான பக்கத்தில் புதிதாக ஒரு புள்ளி வைத்தேன். பழைய புள்ளியைச் சுரண்டவில்லை. வயரை மாற்றிப் பிடித்து, ஸ்பீக்கரை முடுக்கி, அக்காவைக் கூப்பிட்டேன். அவர் "அ" என்று ஆரம்பித்ததும் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா மைக்கைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அடியே, இது என் குரலா?"

மகன் அறையிலிருந்து வெளியே வந்து கதவில் சாய்ந்து நின்றான். இந்த முறை பெட்டியில் சாயவில்லை.

வெள்ளிக்கிழமை லிஃப்ட் ரோசாக், பழுது. அது வேலை செய்கிற நாள்தான் அதிசயம். பசாருக்குப் போகும் தள்ளுவண்டியில் பெட்டியைக் கட்டி, மூன்று மாடியும் படிப்படியாக இறக்கினோம். மகன் கீழ்ப்பக்கம் பிடித்தான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கோயிலுக்குள் மஞ்சள் பெட்டி நுழைந்ததும் செயலாளர் வாசலுக்கே வந்தார்.

"என்ன ஆன்ட்டி, ஐஸ் பெட்டியா? ரொம்பக் கண்ணைக் குத்துதே. செருப்பு விடற பக்கம் வச்சுடுங்களேன்."

நான் அவரைத் தாண்டிப் போய் அம்மனுக்கு இடப்பக்கம், பாடுகிறவர்கள் உட்காரும் இடத்தில் வைத்தேன்.  

பின்னால் உறுமி ஆரம்பித்தது. அக்கா பாடினார். பன்னிரண்டு பேரும் பாடினோம். பெட்டி பிடித்து நின்றது. உறுமியும் கேட்டது, எங்கள் குரலும் கேட்டது. மூன்றாவது பாட்டில் உறுமிக்காரர்கள் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அடியை எங்கள் தாளத்துக்கு இறக்கினார்கள். நான் அவர்களைக் கேட்கவில்லை. அவர்களாகத்தான் இறக்கினார்கள்.

பாட்டு முடிந்து தீபாராதனைக்கு முன்னால் செயலாளர் வந்து அக்கா கையிலிருந்து மைக்கை வாங்கினார். "ஹலோ, ஹலோ. வாசல்ல வெள்ளைக் கெரேத்தா நிக்குது, காரைக் கொஞ்சம் நகர்த்துங்க." அதோடு விடவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார். "பக்தகோடிகளே, நமது நிர்வாகத்தின் முயற்சியால் இந்த ஆடி மாதம் பெண்களுக்கென்று ஒரு புதிய ஸ்பீக்கர் பெட்டி..."

நான் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கினேன்.

அவர் வாய் மட்டும் அசைந்தது. மைக்கைத் தட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன ஆன்ட்டி, ரோசாக்கா?"

"ரோசாக் இல்ல தம்பி. நான்தான் பிடுங்கினேன்."

"ஏன்?"

"மினிட்ல யாரு செய்யறதா எழுதினீங்களோ, அதைப் படிங்க. சொருகறேன்."

என் குரல் எவ்வளவு தூரம் கேட்டது என்று எனக்குத் தெரியாது. முன்வரிசைக்குக் கேட்டிருக்கிறது. ஏனென்றால் அங்கேதான் முதலில் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் போனது. அவர் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வயரைச் சொருகினேன்.

"தாளம் தட்டும் ஆன்ட்டி சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்து தந்திருக்கிறார்" என்று சொன்னார். என் பெட்டியில் கேட்டேன். அந்தப் பெட்டிக்குள் அவர் குரலும் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கே என்று அடுத்த கூட்டத்தில் எழுதினார்கள். கூடவே, சொந்தப் பொருளைக் கோயிலில் விட்டுப்போகக் கூடாது என்று புதிதாக ஒரு விதியும் எழுதினார்கள். அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெட்டி மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறுகிறது. போன வாரம் செயலாளர் படியில் எதிரே வந்தார். இன்னொரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். ஏறும்போது மூச்சு வாங்கியபடி, "கறுப்பு அடிச்சிருந்தா அழுக்குத் தெரியாதுல்ல ஆன்ட்டி?" என்று கேட்டார்.

மஞ்சள் இன்னும் அரை டின் மிச்சமிருக்கிறது என்று சொன்னேன்.